ம் கொட்டிய மண்டோர்

“நீங்கதானே ‘ம்’னு சொன்னீங்க, மண்டோரே?” என்றார் அமிர்தலிங்கம். அவருடைய டிராக்டரின் பின்சக்கரத்துக்கு அடியில் நர்சரியின் ரப்பர் குழாய் நசுங்கிக் கிடந்தது. எண்ணெய்ச் செம்பனைக் கன்றுகளுக்குப் போக வேண்டிய தண்ணீர் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது.

“நான் எப்பண்ணே கொழாய் மேல ஏத்தச் சொன்னேன்?”

“காலையில சொன்னேன்லா. ‘இந்தப் புஷ்பவள்ளி பாதையில பைப்ப போட்டு வெக்குது. இனிமே எறங்கி எறங்கி நகத்த மாட்டேன், ஏத்திட்டுப் போய்ட்டே இருப்பேன்’னு. நீங்க என் கண்ணப் பாத்து ‘ம்’னீங்க.”

மண்டோர் தர்மேந்திரன் ‘ம்’ என்று சொன்னது உண்மைதான்.

மலேசியாவில் கோலா பிலாவுக்குப் பக்கத்திலிருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை அவனுக்கு இன்னும் தற்காலிகம்தான். டிராக்டரில் பழக்குலை ஏற்றும் அமிர்தலிங்கத்துக்கும் நர்சரியைப் பார்க்கும் புஷ்பவள்ளிக்கும் ஒரே பாதை. தினமும் சண்டை. “இதத் தீத்துட்டா என்னை நிரந்தரம் பண்ணுவீங்களா, சார்?” என்று மானேஜர் திருநாவுக்கரசிடம் கேட்டிருந்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு “ம்” என்றார். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அம்மா அன்றைக்கே அவனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டாள்.

சண்டையைத் தீர்க்கத்தான் மலைக்கு அந்தப் பக்கம் ரஹாங்கில் செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் சேர்ந்தான். வேலைக் களைப்போடு மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளில் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டான். தலைமைத்துவம் கற்பித்த அபிராமி டீச்சர் சொன்னார்: “குறுக்க பேசாதீங்க. தீர்ப்பு சொல்லாதீங்க. கையில இருக்கறதக் கீழ வச்சுட்டு, கண்ணப் பாத்து ‘ம்’ மட்டும் சொல்லுங்க. பாதிச் சண்டை அதுலயே தீந்துடும்.”

மீதிப் பாதி அடுத்த பாடத்தில் வரும் போலிருக்கிறது.

புஷ்பவள்ளியிடம் போனான். தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தான். “சொல்லுங்கக்கா. கேக்கறேன்.”

“என்னத்தச் சொல்றது? கன்னெல்லாம் காயுது. அந்தாளுக்கு இது அவரு அப்பன் வீட்டு ரோடு. நாளைக்குக் குறுக்க ஒரு மரத்த உருட்டிப் போட்டுடறேன். அப்பத் தெரியும்லா!”

“ம்,” என்றான். வாயைவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது. “அக்கா, அது வந்து...”

“போதும் தம்பி. நீங்களாச்சும் நம்ம பக்கம் இருக்கீங்களே.”

மறுநாள் பாதையின் குறுக்கே ஒரு காய்ந்த செம்பனை மரம் கிடந்தது. குலையோடு டிராக்டர் நின்றது. குலைக்காக லாரி காத்து நின்றது. லாரி எங்கே என்று ஆலையிலிருந்து போன் வந்தது.

பாடம் தப்பாக இருக்காது. தான் சொன்ன ‘ம்’தான் சரியில்லை என்று தர்மேந்திரனுக்குத் தோன்றியது. இருவரையும் மரத்தின் மேலேயே உட்காரவைத்தான். இந்த முறை வாயே திறப்பதில்லை, தலையை மட்டும் ஆட்டுவது.

“மரத்தப் போட்டது தப்பா இல்லியா?” என்றார் அமிர்தலிங்கம். ஆட்டினான்.

“அப்ப பைப்ப நசுக்குனது?” என்றாள் புஷ்பவள்ளி. அதற்கும் ஆட்டினான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணே, உங்ககிட்டயும் இப்படித்தானா?”

“ஆமாலா. ஏத்தப் போறேன்னேன், ‘ம்’முன்னான்.”

“நான் அடைக்கப் போறேன்னேன், அதுக்கும் ‘ம்’முதான்!”

“அடப்பாவி! நம்ம ரெண்டு பேத்தையும் கோத்துவுட்டதே இவன்தானா? வா, மானேஜர்கிட்ட போவோம்.”

இருவரும் சேர்ந்தே மரத்தை உருட்டித் தள்ளினார்கள். டிராக்டரில் ஏற அமிர்தலிங்கம் அவளுக்குக் கைகூடக் கொடுத்தார்.

பின்னாலேயே நடந்த தர்மேந்திரன் ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது, அவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

“சார் ஒத்துக்கிட்டாரு தம்பி,” என்றாள் புஷ்பவள்ளி. “ஒங்கள வேற டிவிஷனுக்கு மாத்தறாரு.”

தர்மேந்திரன் உள்ளே ஓடினான். “சார், என்னை மாத்தறீங்களா?”

திருநாவுக்கரசு பேனாவைக் கீழே வைத்தார். அவன் கண்களைப் பார்த்தார். “ம்.”

“சண்டைதான் தீந்துடுச்சே சார். நிரந்தரம் பண்றேன்னீங்களே?”

“ம்.”

“எது சார்? மாத்தறதா, நிரந்தரமா?”

“ம்.”

மானேஜருக்குக் குடிக்கக் கோப்பி கொண்டுவந்த ஆபீஸ் உதவியாள் செல்லம் அவன் காதோரம் குனிந்தாள்.

“அவரும் அந்த ரஹாங் கிளாஸுக்குத்தான் தம்பி போறாரு. வெள்ளிக்கிழம பேட்ச்.”