கல்யாணப் பத்திரிகையில் செல்லத்துரை மாமா

கல்யாண வீட்டு வேலைகளில் இரண்டு ரகம் உண்டு. யார் செய்தாலும் கெடாத வேலை ஒன்று, யார் செய்தாலும் கெடுகிற வேலை இன்னொன்று. பத்திரிகை அடித்துக்கொண்டு வருவது முதல் ரகம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் மனதார நம்பினார்கள். அதனால்தான் அதை என்னிடம் கொடுத்தார்கள். (சமையல்காரரிடம் பேசுகிற வேலையைக் கேட்டேன். அம்மா காது கேட்காத மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டாள்.)

அப்போது எனக்கு மும்பை மாட்டுங்காவில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் கூடவே அறிவும் வந்துவிடும் என்று நம்பிய வயது. எங்கள் தாராவியில் காய்கறி வாங்கப் போகும்போதுகூட அதைக் கழற்ற மாட்டேன். கத்தரிக்காய்க்காரர் ஒரு நாள், "மேடம், செக்கிங்கா?" என்று கேட்டுப் பயந்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

கல்யாணம் என் அண்ணன் டேனியலுக்கு. பெண் வீடு நவி மும்பையில், சான்பாடா. பெண்ணின் அப்பா ஒரு வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாராவிக்காரர்கள் எதையும் அரைகுறையாகத்தான் செய்வார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. சம்பந்தி ஒரு குறை சொல்ல முடியாதபடி கல்யாணத்தை நடத்திவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

முதல் பரீட்சை பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் ஹாலில் ஐயர் ஜெபம் செய்ய, இரு வீட்டாரும் பத்திரிகைக் கட்டை மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். (திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்போம். மாட்டுங்காவில் இருக்கிற ஐயர்கள் வேறு.)

அச்சகம் வடாலாவில், ஜெபராஜ் மாமாவுடையது. எங்கள் சபைக்காரர். சபையில் யார் பிறந்தாலும், யார் கட்டினாலும், யார் செத்தாலும் அவரிடம்தான் அச்சாகும். நான் அங்கே போன சனிக்கிழமை மாமா கடையில் இல்லை, பேப்பர் எடுக்கப் பாண்டுப்புக்குப் போயிருந்தார். மெஷினில் ராம்லால் பய்யா மட்டும் இருந்தார். அவர் பல வருடங்களாகத் தமிழை அச்சடிக்கிறார், ஆனால் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. நான் தமிழ்ப்பெண். ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசுவேன், படிப்பதுதான் கொஞ்சம் மந்தம். வேதாகமத்தில் ஒரு வசனத்தை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் சபையே ஆமென் சொல்லி உட்கார்ந்துவிடும். ஆக, ஒரு தமிழ் அச்சகத்தில் அன்று தமிழ் படிக்கத் தெரியாத இரண்டு பேர் பொறுப்பில் இருந்தோம்.

வெளியே ஜூலை மாதத்து மழை. மழைக்காலத்தில் மும்பையில் துணி காயாது, சுவர் காயாது, மையும் காயாது. மெஷினிலிருந்து தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழும்போது கீழ்த்தாளின் ஈர மை மேல்தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் மெஷினின் வால் பக்கம் ஒரு குழாய் இருக்கிறது. ஒவ்வொரு தாள் விழும்போதும் அது புஸ்ஸென்று மாவு மாதிரி ஒரு பவுடரை ஊதும். தாளுக்கும் தாளுக்கும் நடுவே அந்தப் பவுடர் மயிரிழை இடைவெளி விடும். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், என் புதுக் கறுப்புச் சுடிதார்மேல் வெள்ளையாக எதுவோ விழுகிறது என்பதுதான்.

முதல் பத்திரிகையை எடுத்து விரலால் தடவினேன். நறநறவென்று இருந்தது. சான்பாடாக்காரர் இதைத் தடவிப் பார்த்தால் என்ன நினைப்பார்? அடையாள அட்டையைச் சரிசெய்துகொண்டு, பவுடரை நிறுத்தச் சொன்னேன். ராம்லால் பய்யா என்னைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "பவுடர் நஹி மாரேகா தோ சிபக் ஜாயேகா, மேடம்" என்றார். ஒட்டிக்கொள்ளும் என்று அர்த்தம். எனக்குக் குவாலிட்டி முக்கியம் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் குழாயை மூடினார். அச்சடித்து முடித்ததும், அடுக்காதே, சின்னச் சின்னக் குவியலாக விடு, பாரம் வைக்காதே, அடுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு காகிதம் போடு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் சொன்ன நான்கில் கடைசி ஒன்று மட்டும் என் காதில் விழுந்தது.

நடுவில் போடப் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு மூலையில் இருந்தது. அழுக்கு. அண்ணன் கல்யாணப் பத்திரிகைக்கு அழுக்குக் காகிதமா? பக்கத்து மேஜையில் அதே அளவில் வெள்ளைவெளேரென்று ஒரு கட்டு இருந்தது. ஒரு பக்கம்தான் அச்சு. பெரிய மீசையோடு ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கீழே நாலைந்து வரி தமிழ். எழுத்துக் கூட்டிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. தோற்றுப்போன வேட்பாளரின் மிச்ச நோட்டீஸ் என்று முடிவு செய்தேன். (ஜெயிக்கிற மீசை இல்லை அது.)

என் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். வேட்பாளரின் முகம் நம் பத்திரிகைமேல் படக்கூடாது அல்லவா? அதனால் அவருடைய வெள்ளை முதுகு எங்கள் ஈர மையைத் தொடுகிற மாதிரி, முகம் மேலே பார்க்க வைத்தேன். அதற்கு மேல் ஒரு பத்திரிகை. அதற்கு மேல் இன்னொரு வேட்பாளர். இப்படியே கடைசிவரை. ஒவ்வொரு பத்திரிகையின் முதுகும் ஒரு மீசையின்மேல் படுத்திருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஈரத்தில் தாள்களின் ஓரம் சுருண்டுகொண்டு நின்றது. மேலே ஒரு பலகையை வைத்தேன். அப்போதும் படியவில்லை. கடையில் நாற்காலியும் இல்லை. பலகைமேல் ஏறி உட்கார்ந்து, வாங்கி வந்திருந்த வடாபாவைப் பிரித்தேன். ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டேன். மீசைக்காரரும் அன்று காலையில் அச்சான ஈரம்தான், அதற்கு ராம்லால் பய்யா பவுடர் போட்டிருந்தார். ஆனால் அந்தப் பவுடர் காகிதத்தின் பாரத்தைத் தாங்கும், என் பாரத்தை அல்ல.

பய்யா திரும்பி வருவதற்குள் தாள்களைப் பிரித்து, மீசைக்காரரைப் பழைய இடத்தில் அடுக்கிவைத்தேன். எங்கள் பத்திரிகை முன்பக்கம் ஜோராக இருந்தது. பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்? மழையில் நனையக் கூடாதென்று அங்கேயே உறையில் போட்டுக் கட்டினேன். வீட்டில் அம்மா ஒன்றை மட்டும் எடுத்து முன்பக்கத்தை இரண்டு தரம் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லட்டி, உனக்கும் கொஞ்சம் வெவரம் வந்துட்டு" என்றாள். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான், அதுவும் ஒரு ராத்திரிதான் தாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிப் பார்த்தேன். மீசை. தோற்றவர் சர்ச்சிலும் வந்து ஓட்டுக் கேட்கிறாரே என்று நினைத்து, இவர் எந்தக் கட்சி என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஏட்டி, செல்லத்துரை மாமால்லா. போன வருசம் தவறிட்டாவ. இன்னைக்கு நெனவு ஜெபம்."

செல்லத்துரை மாமா கிறிஸ்மஸுக்கு மட்டும் சர்ச்சுக்கு வருகிறவர். நான் கிறிஸ்மஸன்று கேக்கைத் தவிர எதையும் பார்க்காதவள். எங்களுக்குள் அறிமுகம் ஏற்பட வாய்ப்பே இல்லாமல் போயிருந்தது. ஆராதனை முழுக்க நான் அந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அங்கே மங்கலாக, இடவலம் மாறி, பூமாலை டிசைன் தெரிந்தது. எங்கள் பத்திரிகையில் போட்டிருந்த பூமாலை. அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பட்டுச்சேலையில், கட்டை மடியில் வைத்துக்கொண்டு, பெண் வீட்டாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

ஹாலில் ஐயர் ஜெபம் முடித்தார். கட்டு கைமாறியது. சம்பந்தி ஒரு பத்திரிகையை உருவி எடுத்து, விரலால் தடவினார். வழவழவென்று இருந்ததில் அவருக்குத் திருப்தி. அதோடு வைத்திருக்கலாம். ஆனால் வேலை பார்த்த காலமெல்லாம் கைக்கு வந்த நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே பழகியவர். கை தானாக டியூப்லைட் பக்கம் உயர்ந்தது.

தாளின் முதுகில் இடவலம் மாறி ஒட்டிய எழுத்து, முன்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பார்த்தால் நேராகத் தெரியும். அவருக்கு அது மிக நேராகத் தெரிந்தது. மணமகன் டேனியல் என்ற வரிக்குச் சரியாகக் கீழே, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

"சம்பந்தி" என்று அப்பாவைக் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. "பொண்ணும் மாப்பிள்ளையும் ரெண்டு பேருதான? மூணாவதா ஒரு ஆளு மீசையோட நிக்காரே."

கட்டு பிரிந்தது. ஆளுக்கொன்றாக டியூப்லைட் பக்கம் தூக்கினார்கள். எல்லாவற்றிலும் செல்லத்துரை மாமா ஒரே மாதிரி சிரித்தார். சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, நமக்குச் சகுனம் கிகுனம் எல்லாம் கிடையாது, ஆனாலும் மனதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது, தேதியைக் கொஞ்சம் தள்ளி யோசிக்கலாம் என்றார். (எங்கள் ஆட்கள் சகுனத்தை எப்போதோ விட்டுவிட்டார்கள். இந்த 'ஒரு மாதிரி'யைத்தான் விடவில்லை.) அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா யாரையும் பார்க்காமல் உறைகளைத் திரும்பவும் அடுக்கிக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. நான்தான் செய்தேன் என்று சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் பவுடர், வேட்பாளர், பலகை, வடாபாவ் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன.

சொல்லி முடித்துத் திரும்பினால் வாசலில் ரத்தினபாய் அத்தை நிற்கிறாள். செல்லத்துரை மாமாவின் மனைவி. கையில் நினைவு ஜெபத் தாள். பின்னால் அவள் சொந்தக்காரர்கள் ஒரு கூட்டம்.

"எங்க வீட்டுக்காரரு மூஞ்சிமேலயாட்டி உக்காந்த?"

நடுவில் ஒரு பலகை இருந்தது என்றேன். அதைவிட மட்டமான பதிலை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு முட்டி, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தி பக்கம் போனாள்.

"அண்ணாச்சி, இவரு உசுரோட இருக்கையில கூப்பிடாத கல்யாணத்துக்கே போயி ரெண்டு பந்தி சாப்பிடுதவரு. இப்பம் பத்திரிகையிலயே ஏறி உக்காந்துட்டாரு. வேண்டாம்னா நீங்களே அவருகிட்ட சொல்லிக்கிடுங்க."

வங்கியில் சம்பந்திக்கு இந்த மாதிரி வாடிக்கையாளர் வந்திருக்க மாட்டார். அத்தை தன் தாளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். மாமாவின் மீசைக்குக் கீழே, தங்கள் குடும்பத்தோடு வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம் என்று நேராகத் தெரிந்தது.

"தேதிய மாத்தாதீங்க. நாங்க அத்தன பேரும் வாறோம். பத்திரிகதான் கைக்கு வந்துட்டுல்லா."

ஐயர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்தால் சபை சிரிக்கலாம். கடைசியில் சம்பந்திக்கும் உதடு லேசாகக் கோணியது. தேதி மாறவில்லை.

பத்திரிகையைத் திரும்ப அடித்தோம். இந்த முறை அம்மாவே வடாலாவுக்கு வந்து மெஷின் பக்கத்தில் நின்று, "பய்யா, அவுர் டாலோ" என்று இன்னும் இன்னும் பவுடரை ஊதச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். உறையைப் பிரித்தவர்கள் எல்லாம் தும்மினார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. கல்யாணத்தன்று நினைவு ஜெபத் தாள் வாங்கிய அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்தார்கள். பிரியாணி பாதிப் பந்தியில் தீர்ந்தது. மணமகனின் தங்கையாகிய நான், மாட்டுங்காவிலிருந்து பார்சல் வந்த தயிர்சாதத்தை நின்றபடி சாப்பிட்டேன். எனக்கு யாரும் நாற்காலி தரவில்லை. இவளை எதன்மேலும் உட்கார விடாதீர்கள் என்று அண்ணன் சொல்லிவைத்திருந்தான்.

அம்மா எனக்குக் கொடுத்த தண்டனை, தினமும் ஓர் அதிகாரம் தமிழ் வேதாகமத்தைச் சத்தமாகப் படிப்பது. ஆதியாகமத்தில் வம்ச வரலாறு வருகிற பக்கங்களில் நான் அழுதிருக்கிறேன். இதை நானே தமிழில் எழுத முடிவதற்குச் செல்லத்துரை மாமாதான் காரணம். எங்கள் இரு குடும்பத்திலும் எந்தப் பத்திரிகை வந்தாலும் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "மாமா இருக்காவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் படிப்பார்கள். கரண்ட் பில்லைக்கூடச் சம்பந்தி அப்படித்தான் பார்க்கிறார் என்று அவர் மகள், என் மைனி, சொல்கிறாள்.

பிறகு என் கல்யாணம் வந்தது. முதல் பத்திரிகையை ரத்தினபாய் அத்தை வீட்டுக்குத்தான் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். பவுடர் போட்டாயிற்று, ஒன்றும் இருக்காது அத்தை என்று பெருமையாகச் சொன்னேன்.

"ஆமா, ஒண்ணுமில்ல" என்றாள். "உங்க மாமாவ மட்டும் ஏம்ட்டி கூப்பிடல?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பத்திரிகையை மட்டும் வெகு நேரம் கீழே இறக்கவில்லை.