இஞ்சினுக்குப் போட்ட போர்

மாடம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் ஜெரோம் அவர்களுக்கு, உங்கள் தங்கை செல்வமேரியின் கணவன் சாலமன், இயேசுவுக்கே புகழ் சொல்லி எழுதுவது. இங்கே நானும் நலமில்லை, காரும் நலமில்லை. அங்கே என் மனைவி வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று அறிய ஆவல். ஃபோனில் சொல்ல வேண்டியதை இந்தக் காலத்தில் கடிதமாக எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். அவளும் எடுப்பதில்லை, நீங்களும் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் விழவில்லை. ஆகவே பக்கத்து வீட்டு மோகன்ராஜ் நாளைக் காலை ஏர்போர்ட்டுக்கு வேலைக்குப் போகிற வழியில் உங்கள் பொழிச்சலூர் வீட்டில் இதைக் கொடுத்துவிட்டுப் போவார். என் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட்டு மேரியை வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். இந்தக் கடிதமே அதற்குத்தான்.

ரிட்டயர் ஆனவன் வேளாங்கண்ணிக்குப் போவான், இல்லை சர்க்கரை டெஸ்ட் எடுப்பான். நான் கார் வாங்கினேன். காட்டாங்குளத்தூரில் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு பையனிடம் வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே கதவு, இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் களைத்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்த காலம் முழுக்க ஸ்கூட்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கூட மாற்றாதவனுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்பீர்கள், மேரியும் கேட்டாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். வீடியோ பார்த்து நானே சரி செய்துவிடலாம் என்று கீழே படுத்து இஞ்சின் ஆயிலை மாற்றினேன், மாற்றியது கியர்பாக்ஸ் ஆயில் என்று பிறகு தெரிந்தது. மூடித் திறக்கிற முன்விளக்கில் வயரைத் தொட்டேன், அன்றிலிருந்து ஒரு விளக்கு மட்டும் நேரம் காலம் இல்லாமல் எழுந்து எதிர் வீட்டுக்குக் கண்ணடிக்கிறது. எதிர் வீட்டு ஞானாம்பாள் டீச்சர் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஒருநாள் ஸ்டார்ட் செய்தேன், தெரு முழுக்கப் புகை, பள்ளிக்கூட வேன் பாதி வழியில் நின்றுவிட்டது. மெக்கானிக் துரையைக் கூட்டி வந்தேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, வண்டியா கொசு மருந்தா? உள்ள எல்லாம் தேஞ்சி பூட்ச்சி. லேத்துல குட்து போர் போட்டாத்தான் ஆவும். இல்லாங்காட்டி பேஜாரு சார்."

தேய்ந்த சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கடைந்து பெரிதாக்குவதை அவர்கள் பாஷையில் போர் போடுவது என்கிறார்கள். இதைத்தான் மச்சான் நான் காருக்கு அடியில் படுத்தபடியே சமையலறைப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"மேரி, போர் போட்டாத்தான் சரியாகும். முடிவு பண்ணிட்டேன்."

உள்ளே மிக்சி நின்றது. பிறகு அவள் கால்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"நெஜமாவா சொல்றீங்க? எவ்வளவு போகணுமாம்?"

"ஆளு வந்து அளந்து பார்த்துத்தான் சொல்வாங்க. சனிக்கிழமை வேலை முடிஞ்சுடும்."

"அப்போ இந்தத் தண்ணிப் பிரச்சினை?"

காரின் ரேடியேட்டர் ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டிருந்த சமயம் அது. அக்கறையாகக் கேட்கிறாளே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அதுவும் இதோட தீர்ந்துடும். இனிமே தண்ணிக்குக் கவலையே பட வேண்டாம்" என்றேன். தலையை நீட்டிப் பார்த்தேன், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் ஆசையைப் புரிந்துகொண்டாளே என்று நானும் காருக்கு அடியிலேயே கொஞ்சம் அழுதேன்.

எங்கள் கிணற்றைப் பற்றி உங்களுக்குத் தெரியும், பங்குனி பிறந்தாலே கைவிரித்துவிடும். வருஷாவருஷம் தண்ணீர் லாரிக்காரனுக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சுவது அவள்தான். நான் போர்வெல் போடப்போகிறேன் என்று நம்பி அந்த லாரியை அவள் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டதும், மோகன்ராஜ் மனைவி பேபிக்கு தினம் இரண்டு குடம் தருவதாக வாக்குக் கொடுத்ததும், பங்குச்சாமியாரை வந்து மந்திரிக்கச் சொன்னதும் எனக்கு எப்படித் தெரியும்? நான் எந்நேரமும் காருக்கு அடியில் இருந்தேன். எட்டு நாளுக்கு முன்னால், சனிக்கிழமை காலை வாசலில் கூட்டம், ஆளுக்கொரு குடம், ஃபாதர் அங்கியோடு நிற்கிறார், மேரி பட்டுச் சேலை கட்டியிருக்கிறாள். என் இஞ்சினுக்கு இத்தனை மரியாதையா என்று நான் பூரித்துப்போய் நிற்கும்போது குட்டியானை சரக்கு வண்டி வந்தது, துரையும் லேத்துப் பையனும் பட்டறைக்குப் போயிருந்த சிலிண்டர் பிளாக்கை இறக்கி வைத்தார்கள். "எந்த இடத்துல சாலமன்?" என்று ஃபாதர் கேட்டார். "இதுதான் ஃபாதர், போர் அருமையா வந்திருக்கு" என்றேன். அவர் நல்ல மனிதர், மறுபேச்சுப் பேசாமல் தீர்த்தம் தெளித்தார். அன்று எங்கள் வீட்டுக்கு வந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

குடங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. மேரி சத்தம் போடவில்லை மச்சான், போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். பட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "நான் வேணுமா கார் வேணுமான்னு உங்களைக் கேக்க மாட்டேன். கேட்டு, நீங்க பதில் சொல்லிட்டா நான் என்ன பண்றது?" ஆட்டோ போய்விட்டது.

அவள் போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. கோபத்தில் இருக்கிற லாரிக்காரன் வர மாட்டேன் என்கிறான், கேன் தண்ணீரில் கஞ்சி வைக்கிறேன். குளிக்காததால் இன்று பூசைக்கும் போகவில்லை. துரை இஞ்சினைப் பூட்டிக் கொடுத்துவிட்டார், மிச்ச வேலையை நான் பார்த்தேன், ஒரு கை நிறைய போல்ட் மிஞ்சியது. சாவியைத் திருப்பினால் இருமுகிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. தோற்றுவிட்டேன் மச்சான். காரை விற்கப் போகிறேன், அந்தக் காசில் நிலத்தில் போர், சத்தியமாக நிலத்தில். வாங்குகிறவர்கள் இன்றைக்கே வருகிறார்கள். அவளிடம் சொல்லுங்கள், எனக்குக் கார் வேண்டாம்.

ரோஸி அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் மகள் கிறிஸ்டினா பரீட்சையில் நல்லபடியாகத் தேற மாதா துணையிருப்பாள். உங்கள் முழங்கால் வலி குறைய நான் ஜெபிக்கிறேன், இப்போதைக்கு வீட்டிலிருந்தபடியே.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
சாலமன்

பி.கு.: காரைப் பார்க்க சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற நிஷா என்ற பெண் வந்தது. பானெட்டைத் திறந்து, "ரெண்டு பிளக் வயர் இடம் மாறியிருக்கு அங்கிள்" என்று மாற்றிப் போட்டு சாவியைத் திருப்பியது. மச்சான், அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "எப்போ எடுத்துக்கலாம் அங்கிள்?" என்று கேட்டது. விற்கவில்லையம்மா என்று என் வாய் சொல்லிவிட்டது. ஆகவே மேரியை நீங்கள் அனுப்ப வேண்டாம். நாளை சாயங்காலம் நானே காரில் வந்து அழைத்துக்கொள்கிறேன். இரண்டே சீட், பையை அவள் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நிலத்துப் போரைப் பற்றி வழியில் பேசிக்கொள்கிறோம். வர மாட்டேன் என்று அவள் இப்போதே சொல்லிவிட்டால் அதை எனக்குத் தெரிவிக்க வேண்டாம் மச்சான். வண்டி பொழிச்சலூர் வரைக்குமாவது ஓடட்டும்.