‘வரவில்லை’ என்று திருத்தி வாசிக்கவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழை அட்டை முதல் அட்டை வரை, குறுக்கெழுத்து உட்பட, பத்தொன்பது ஆண்டுகளாக விடாமல் படித்துவரும் வாசகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமாக இல்லை. அதற்குத் தாங்கள் காரணம் இல்லை, நானேதான். ஆனாலும் தங்களைத் தொந்தரவு செய்யாமல் இதற்கு வேறு வழி தெரியவில்லை.

நான்கு மாதங்களுக்கு முன் தங்கள் ‘போர்முனை நினைவுகள்’ சிறப்பிதழில், நாற்பத்தோராம் பக்கத்தில், ‘கரண்டி பிடித்த கை துப்பாக்கி பிடித்தது’ என்றொரு கட்டுரை வந்ததே, அதை எழுதியவன் நான்தான். என் அப்பாவைப் பற்றியது. அவருக்கு இப்போது எண்பத்தாறு வயது. இருபத்துமூன்று வயதில் பட்டாளத்துச் சமையல்காரராகப் போருக்குப் போனவர். ‘உங்கள் வீட்டு மூத்த வீரர்களின் நினைவுகளை இன்றே பதிந்து வையுங்கள்’ என்ற தங்கள் அறிவிப்பைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. நான் குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். வருகிற புகார்களுக்கெல்லாம் பதில் எழுதுவதுதான் வேலை. குழாயில் தண்ணீர் வந்ததோ இல்லையோ, என் மேஜையை விட்டுப் போன எந்தக் கோப்பும் ‘குறை சுமுகமாகத் தீர்க்கப்பட்டது’ என்ற வரி இல்லாமல் போனதில்லை. இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கைபேசியை அப்பாவின் மடியில் வைத்துப் பேசச் சொன்னேன். முதல் நாள் பூராவும் அவர் பேசியது வெங்காயத்தைப் பற்றி. நாற்பத்திரண்டு பேருக்கு எத்தனை வெங்காயம், அழுகினதை எப்படிப் பிரிப்பது, உரித்த தோலை எங்கே போடுவது என்று இரண்டு மணி நேரம். “போர் எப்பப்பா வரும்?” என்று கேட்டேன். “இதுதான்டா போர்,” என்றார். இரண்டாம் நாள் ஈர விறகு. மூன்றாம் நாள் பேச்சுக்கு நடுவே தூங்கிவிட்டார், ஒன்றேகால் மணி நேரக் குறட்டை துல்லியமாகப் பதிவாகியிருந்தது. ஐந்தாம் நாள் ஏதோ முக்கியமாகச் சொல்ல வாயெடுத்தபோது என் மனைவி மிக்ஸியைப் போட்டாள். தாங்கள் கேட்டிருந்ததோ அறுநூறு சொற்கள். வெங்காயம் மட்டுமே ஆயிரத்தைத் தாண்டும்.

ஒன்பதாம் நாள்தான் பேச்சில் சுருட்டை வந்தார். தலைமுடியை வைத்து வந்த பட்டப்பெயர். அப்பாவோடு ஒரே அடுப்பில் சமைத்தவர், ஒரே போர்வையில் படுத்தவர். அன்று அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை.

“தண்ணி தீர்ந்துபோச்சு. பக்கத்துல ஒரு ஓடை. போடா, ரெண்டு டப்பா மொண்டுட்டு வா, உலை வைக்கணும்னு நான்தான் சொன்னேன். போனான். வரலை.”

“அங்க சண்டை நடந்துச்சாப்பா?”

“சத்தமே கேக்கலை. வரலை, அவ்வளவுதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அடுப்பை அணைச்சேன்.”

அறுபது வருடத்துக்கு மேலாக வீட்டில் யாரிடமும் சொல்லாததை அந்த மனிதர் என்னிடம் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? “சரிப்பா, மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டுக் கைபேசிக்கு சார்ஜ் போடப் போனேன். மிச்சம் என்று ஒன்று இல்லை. அடுத்த இரண்டு நாளும் அவர் மறுபடி வெங்காயத்துக்கே போய்விட்டார்.

கட்டுரையை அனுப்பினேன். தங்கள் உதவி ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, “எல்லாம் நல்லா இருக்கு சார், முடிவுதான் கொஞ்சம் தொங்குது,” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. என் முப்பத்துநான்கு வருடப் பழக்கம்தான் சோம்பல் முறித்து எழுந்து உட்கார்ந்தது. தீர்க்காத குறை ஒன்று மேஜையில் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. அரை மணி நேரத்தில் அப்பா கரண்டியை வீசிவிட்டு, யாருடைய துப்பாக்கியையோ பிடுங்கிக்கொண்டு, குண்டு மழைக்கு நடுவே ஓடைக்கு ஓடி, காலில் அடிபட்டுக் கிடந்த சுருட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்துவிட்டார். இரண்டு டப்பாத் தண்ணீரும் தளும்பாமல் வந்து சேர்ந்தது என்றுகூட எழுதினேன். அதை எந்தக் கையால் தூக்கினார் என்று தாங்களும் கேட்கவில்லை, வாசகர்களும் கேட்கவில்லை.

இதழ் வந்த அன்று அதைப் பிடித்தபடி நானும் அப்பாவும் நிற்பதை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தோம். கைபேசி இடமில்லை என்று முரண்டு பிடித்தது. கட்டுரைதான் அச்சில் வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்று பதினோரு நாள் பதிவையும் என் கையாலேயே அழித்தேன். குறட்டையும் போய்விட்டது. இப்போது அதையாவது வைத்திருக்கலாமே என்றிருக்கிறது.

அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. யார் வந்தாலும் நான்தான் உரக்கப் படித்துக் காட்டுவேன். முதல் வாரம், “யாருடா இந்த ஆளு?” என்று கேட்டார். “நீங்கதாம்ப்பா,” என்றேன். “நான் எங்கடா ஓடினேன், எனக்கு அப்பவே முட்டி வலி,” என்றார். வந்தவர்கள் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்கள். பால்காரர், மாடிவீட்டுக்காரர், மீட்டர் பார்க்க வந்தவர் என்று அறுபது முறையாவது படித்திருப்பேன். இரண்டாவது மாதம், “அப்படியும் இருக்கும்,” என்றார். மூன்றாவது மாதம் மின்விசிறி பழுதுபார்க்க வந்தவருக்கு நான் ஆரம்பிப்பதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த ஆள் ஏணியில் நின்றபடியே வாய் பிளந்து கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மண்டையில் மசாலா இருக்கிறவன் அன்றைக்காவது பயந்திருப்பான்.

போன செவ்வாய்க்கிழமை சித்தப்பா வந்தார். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, அதே போரில் லாரி ஓட்டியவர். தங்கள் இதழ் முடிதிருத்தும் கடைக்கு நான்கு மாதம் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது போலிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு, கழுத்தில் கட்டிய துணியோடு, இதழைச் சுருட்டிப் பிடித்தபடி வந்து நின்றார்.

“எங்கண்ணன் துப்பாக்கியை எப்படா தொட்டான்? செத்தவனை எதுக்குடா எழுப்பினே? சுருட்டை வீட்டுக்குப் போய் அவங்கம்மாகிட்ட சொன்னவன் நான்டா. கதவைத் தொறந்ததும் எனக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தாங்க, அவனும் வந்திருக்கானான்னு. அதை எழுதுவியா நீ?”

“உக்காந்து சொல்லுங்க சித்தப்பா, எழுதிக்கிறேன்.”

“உன்கிட்டயா? சொன்னா நாளைக்கே அவனை அவங்கம்மா பக்கத்துல உக்கார வெச்சுச் சாப்பாடு போட்டுருவே.”

சத்தம் கேட்டு அப்பா விழித்துக்கொண்டார். தம்பியைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. “வாடா. ஆமா, சுருட்டை எங்கடா இருக்கான் இப்ப? ஒரு நாள் கூட்டிட்டு வாயேன். கால் எப்படி இருக்குன்னு கேக்கணும்.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “சரிண்ணா, பார்க்கிறேன்,” என்றார் சித்தப்பா. வாசலில் மட்டும் என்னிடம், “திருத்தம் போடச் சொல்லு. போட்டதும் அண்ணனுக்கு நீயே படிச்சுக் காட்டு. அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன்,” என்றார். மீதித் தலையை வெட்டிக்கொள்ளப் போனாரா என்று தெரியாது.

ஆகவே கீழ்க்கண்ட திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன்:

“நாற்பத்தோராம் பக்கக் கட்டுரையில் ‘துப்பாக்கி’ என வரும் இடங்களிலெல்லாம் ‘கரண்டி’ என்றும், ‘குண்டு மழை’ என்பதை ‘சத்தம் எதுவும் இல்லை’ என்றும், ‘தோளில் சுமந்துகொண்டு வந்தார்’ என்பதை ‘வரவில்லை’ என்றும் திருத்தி வாசிக்கவும்.”

அந்தக் கடைசிச் சொல்லை எழுத எனக்கு ஒரு முற்பகல் பிடித்தது. அப்பாவின் போரை நான் பதிந்து வைக்கவில்லை, ஐயா. அழித்துவிட்டு அந்த இடத்தில் என்னுடையதை வைத்துவிட்டேன். அவருடைய சிநேகிதருக்காகத் துக்கப்படும் உரிமையைக்கூட அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். திருத்தம் வந்ததும் நானே படித்துக் காட்டுகிறேன், அவர் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அலுவலகத்தார் அனைவருக்கும் என் வணக்கம். உதவி ஆசிரியருக்கு என் அன்பைச் சொல்லவும், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அந்த முடிவு தொங்கத்தான் செய்தது. எல்லோரும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
(‘உண்மையுள்ள’ என்று போட இந்த முறை கை வரவில்லை)
தங்கள் பழைய வாசகன்

பி.கு.: உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது முன்னறையில் அப்பாவின் குரல் கேட்டது. “அம்மாடி, ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வாயேன்.” தங்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும். இந்த வீட்டில் அவர் இதுவரை யாரிடமும் தண்ணீர் கேட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் அவரே மொண்டு குடிப்பார். யாராவது எடுத்துவரக் கிளம்பினால் கோபம் வரும். வீம்பு பிடித்த மனுஷன் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாகக் கேட்கிறார் என்று என் மனைவி பதறி, பாதியைத் தரையில் சிந்திக்கொண்டு ஓடினாள். அவர் நிதானமாகக் குடித்துவிட்டு டம்ளரை அவளிடமே கொடுத்தார்.

எனவே திருத்தம் வேண்டாம். சித்தப்பா காலில் நான் விழுந்துகொள்கிறேன். மேலே கண்ட எதையும் தயவுசெய்து அச்சிட வேண்டாம். ஆனால் இந்தக் கடிதத்தைக் கிழித்தும் போட்டுவிடாதீர்கள், ஐயா. அங்கே ஏதாவது அலமாரியில் ஒரு ஓரமாக இருக்கட்டும். சுருட்டை திரும்பி வரவில்லை என்று எழுதியிருப்பது இந்தக் காகிதத்தில் மட்டும்தான்.