ஜன்னலை மூடி மாட்டிய ஜன்னல்

எடை அளவு சரிபார்ப்பு அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்களின் மனம் வாடாமல் இருக்கவும், ஏற்கெனவே வாடிய மனம் தளிர்க்கவும், ஒவ்வோர் அலுவலகத்திலும் அந்த அலுவலகத்துக்கென்றே, அதன் அளவுக்கும் ஆன்மாவுக்கும் பொருந்துமாறு செய்யப்பட்ட கலைப்படைப்பு ஒன்று நிறுவப்பட வேண்டும். காலண்டர் படங்கள் கலையாகக் கருதப்பட மாட்டா. கீழே ஒரு கையெழுத்து இருந்தது. யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அது அப்போதே கலையாகியிருந்தது.

சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, படித்ததற்கு அடையாளமாகச் சுருக்கொப்பம் இட்டவர்களில் பதிவேட்டம்மாவும் ஒருத்தி. கடைத்தராசுகளுக்கு முத்திரை குத்திய விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது அவள் வேலை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போய்விட்டதால், மிச்சமிருந்தவர்களுக்கு அவள் பதிவேட்டம்மா.

அந்த முதல் மாடி அறையில் ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் பக்கத்து இருக்கை பணிமூப்புப்படி வருவது. பத்து வருடம் கழிப்பறைக் கதவோரம், பதினாறு வருடம் இரும்பு பீரோவின் முதுகுப்புறம் என்று உட்கார்ந்து, இருபத்தேழாவது வருடம் அவள் அந்த ஜன்னலை அடைந்தாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். வெளியே தெருவோரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம், கிளைகளை ஜன்னல்வரை நீட்டிக்கொண்டு நின்றது. நாலரை மணிக்கே இலைகளை மடிக்கத் தொடங்கிவிடும். அதுவும் நம்ம ஆபீஸ்தான், அஞ்சு மணிவரைக்கும்கூட உட்காராது என்பார் தராசுப் பரிசோதகர்.

அவள் தம்பி வீட்டில் இருந்தாள். அங்கே அவளுக்குக் கொடுத்த அறையிலும் ஜன்னல் உண்டு. திறந்தால், கை நீட்டித் தொடும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். ஆகவே பகல் எட்டு மணி நேரமும் அவள் வேலை பார்த்தது சம்பளத்துக்காக மட்டும் அல்ல.

கலை ஆலோசகர் வந்தார். அலுவலகங்களுக்கென்றே அளவெடுத்துக் கலைப்படைப்பு செய்து தரும் நிறுவனம் அவருடையது. காலர் இல்லாத சட்டை போட்டிருந்தார், மெதுவாகப் பேசினார். அவருடைய ஆட்களில் சுவர்களை ஒருவரும், மனங்களை இன்னொருவரும் அளந்தார்கள். இந்த அறையில் உங்களுக்கு அமைதி தருவது எது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். கடிகாரம் என்றார் தட்டச்சர். சாப்பாட்டு நேரம் என்றார் பரிசோதகர். பதிவேட்டம்மாவின் முறை வந்தபோது, வாழ்க்கையில் யாருமே அவளிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை என்பதால், அவள் தன்னை மறந்து பேசிவிட்டாள். காலையில் இலைகளினூடே வெயில் சல்லடையாக விழுவது, மழைக்கு முந்திய பத்து நிமிடத்தில் மரம் கறுப்பது, சாயங்காலம் அது கைகூப்புவது போல இலைகளைச் சேர்ப்பது என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆலோசகர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். மூடிய கண்ணுக்கு மரம் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

“இந்த அறையோட ஆன்மா இந்த ஜன்னல்தான்” என்றார் அவர். தலைமை அலுவலர் உடனே அதைக் குறித்துக்கொண்டார்.

படைப்புக்கு ‘சாளரம்’ என்று பெயர் வைத்தார்கள். மரமும் வானமும் தெருவும் தெரிகிற பெரிய ஒளிப்பலகை. வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படியே என்பது ஒப்பந்தம். அதை மாட்ட ஏழு அடிக்குப் பத்து அடிச் சுவர் வேண்டும். மற்ற மூன்று சுவர்களிலும் பீரோக்கள் இருந்தன. பீரோக்களை நகர்த்தப் பொருட்கள் பிரிவின் அனுமதி வேண்டும். ஜன்னலை மூடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், ஏனெனில் அப்படி ஒன்றை யாராவது கேட்பார்கள் என்று விதிகளை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

“சார், ஜன்னலை அடைச்சுட்டு ஜன்னல் படத்தையா மாட்டப் போறீங்க?” என்று கேட்டாள் பதிவேட்டம்மா.

“படம்னு சொல்லாதீங்கம்மா, அவர் மனசு புண்படும்” என்றார் தலைமை அலுவலர். “நீங்க சொன்னதைத்தானே அப்படியே செஞ்சிருக்காங்க? கல்வெட்டுல உங்க பேரையே போடச் சொல்லியிருக்கேன்.”

நாலு வரிசை செங்கல் ஏறியபோது தெரு மறைந்தது. பத்தாவது வரிசையில் மரம். கடைசி வரிசை வைக்கும்போது கொத்தனார் திரும்பிப் பார்த்து, பார்க்கறதா இருந்தா பார்த்துக்கோங்கம்மா என்றார். அவள் பார்த்துக்கொண்டாள்.

ஒளிப்பலகையை இயக்க ஒரு படக்காரர் நியமிக்கப்பட்டார். அவர் உட்காரும் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மேகமா என்று அவருக்கு யாராவது சொல்லியாக வேண்டும். கேமரா வைக்கலாமே என்றார் பரிசோதகர். கேமரா வைத்தால் அது கண்காணிப்பு, மனிதர் பார்த்துச் சொன்னால்தான் கலை என்றார் ஆலோசகர். எனவே பதிவேட்டம்மா காட்சிப் பொறுப்பாளராகக் கூடுதலாக நியமிக்கப்பட்டாள். தினமும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மரம், வானம், தெரு, பறவை, இதர.

உண்மையைச் சொன்னால் முதல் மூன்று வாரம் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். படிவத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி மரத்தடியில் நிற்பாள். ‘காகம் இரண்டு, ஒன்று கோபமாக இருக்கிறது’ என்று எழுதுவாள். படக்காரரும் ரசிகர்தான்; கோபமான காகத்துக்காக ஒரு நாள் முழுக்கத் தேடினார்.

நான்காவது வாரம் வருகைப் பதிவைச் சோதித்தவர்கள், பொறுப்பாளர் நாளுக்கு இருமுறை இருக்கையில் இல்லாததைக் கண்டுபிடித்தார்கள். தலைமை அலுவலர் கூப்பிட்டு, தெருவுக்குப் போவது பணிநேரத்தில் வெளியேறுவதாகிறது, இனி இருக்கையில் இருந்தபடியே பார்த்து எழுதுங்கள் என்றார். இருக்கையிலிருந்து ஒளிப்பலகைதான் தெரிகிறது என்று அவள் சொன்னாள்.

“அதுல என்ன தெரியுது?”

“மரம், வானம், தெரு.”

“அப்புறம் என்ன? அதைத்தானே கேக்கறோம்.”

அன்றுமுதல் அவள் பலகையைப் பார்த்துப் படிவம் நிரப்பினாள். படக்காரர் படிவத்தைப் பார்த்துப் பலகையை இயக்கினார். முதல் நாள் நல்ல வெயிலாக இருந்தது. அதனால் இரண்டாம் நாளும் நல்ல வெயில். ஒரு வாரத்தில் அவள் சொற்கள் சுருங்கி, ‘நேற்றுப் போலவே’ என்று ஆயின. படிவத்துக்கும் பலகைக்கும் ஓர் இம்மிகூட வேறுபாடு இல்லை என்று மேலிடம் சோதித்து அறிந்தது. எடையையும் அளவையும் சரிபார்க்கும் அலுவலகத்துக்கு இதைவிடப் பெருமை எது? துல்லியத்துக்காகப் பாராட்டுக் கடிதம் வந்தது. கட்டடத்தின் முகப்பில் ‘இயற்கையோடு இணைந்த அலுவலகம்’ என்று பெரிய பலகை வைத்து, எல்லோரையும் தெருவில் நிறுத்தித் திறந்தும் வைத்தார்கள்.

ஒருநாள் மளிகைக்கடைக்காரர் ஒருவர் தராசோடு சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். தரையெல்லாம் தண்ணீர்.

“எங்க போய் விழுந்தீங்க?” என்றார் தலைமை அலுவலர்.

“மழை சார்.”

“மழையா?” அவர் பலகையைக் காட்டினார். இலைகளில் வெயில் சிரித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார், தலையைத் துடைத்தார், மறுபடியும் பார்த்தார்.

“எங்க பக்கம் மட்டும் பெய்யுது போலிருக்கு சார்” என்றார் பணிவாக.

பதிவேட்டம்மாவுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மனு எழுதினாள். ஓய்வுக்கு முன்னால் தன் ஜன்னலைத் தனக்குத் திருப்பித் தர வேண்டும். கலைப்படைப்பை வேறு சுவருக்கு மாற்ற வேண்டும். பீரோவின் முதுகுப்புறம் போகச் சொன்னாலும், தினம் ஒருமுறை எழுந்து வந்து பார்த்துக்கொள்ள அனுமதித்தால் போதும். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது.

‘மனுதாரர் தம் இருக்கையிலிருந்து மரம், வானம், தெரு ஆகியன தெளிவாகத் தெரிவதாக நாள்தோறும் இருமுறை தாமே கையொப்பமிட்டு உறுதி செய்துள்ளார். எனவே ஜன்னல் எதுவும் மூடப்படவில்லை என்பது ஆவணங்களால் நிறுவப்படுகிறது. மூடப்படாத ஜன்னலைத் திறக்க விதிகளில் இடமில்லை.’

அவள் காகிதத்தோடு தலைமை அலுவலர் முன் போய் நின்றாள். “அங்க செங்கல் வெச்சுக் கட்டினப்ப நீங்க பக்கத்துலதானே சார் நின்னீங்க?”

“நான் நின்னது வேறம்மா, எழுத்துல இருக்கறது வேற. எழுத்துல இத்தனை மாசம் நீங்க பொய் சொல்லியிருக்கீங்கன்னு எடுத்துக்கட்டுமா?”

“வேண்டாம் சார்.”

அவள் பொய் சொல்லித்தான் இருந்தாள். ஆனால் அது அலுவலக நேரத்தில் சொன்னது.

அடுத்த நாள் பத்து மணிக்கு அவள் பேனாவை எடுத்து, பலகையைப் பார்க்காமல், பலகைக்குப் பின்னால் இருப்பதை நினைத்து எழுதினாள். மரம்: இல்லை. வானம்: இல்லை. தெரு: இல்லை. பறவை: இல்லை. இதர: செங்கல் சுவர்.

படக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். “அக்கா, நிஜமாத்தான் எழுதியிருக்கீங்களா?”

“கையெழுத்து இருக்குல்ல?”

கையெழுத்து இருந்தால் அவருக்கு வேறு வழியில்லை. பத்தே கால் மணிக்குப் பலகையில் மரம் அணைந்தது. செங்கல் சுவர் ஒன்று வந்தது. மிக நல்ல சுவர். தட்டச்சர் எழுந்து நின்றுவிட்டார். தலைமை அலுவலர் ஓடி வந்து படிவத்தை வாங்கிப் படித்தார். இந்தப் பதிவேட்டில் பிழை இருக்க முடியாது என்று மேலிடமே கடிதம் கொடுத்திருக்கிறது. அப்படியானால் மரம் இல்லை.

எல்லோரும் வரிசையாகப் படியிறங்கினார்கள். பதிவேட்டம்மா கடைசியாக வந்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. மரத்தடியில் போய் நின்று இவர்கள் விழிக்கப்போகும் விழியைப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

மரம் இல்லை.

அது இருந்த இடத்தில் ஓர் அடிமரம் இருந்தது. அதன்மேல் ஓர் அடுப்பும், அடுப்பின்மேல் கெட்டிலும், பக்கத்தில் டீக்காரரும் இருந்தார்கள். பரிசோதகர் பையிலிருந்து நாடாவை எடுத்து, அடுப்பை நகர்த்தச் சொல்லி அளந்தார். குறுக்களவு ஒரு மீட்டர் இருபத்து மூன்று சென்டிமீட்டர், துல்லியமாகக் குறித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா?” என்றார் தலைமை அலுவலர், பதிவேட்டம்மாவின் பக்கம் பெருமையோடு திரும்பி. “நேத்து மூணு மணிக்கு இருந்திருக்கு. இன்னிக்குப் பத்து மணிக்கு இல்ல. நடுவுல எவனோ வெட்டிட்டான். ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சாச்சு. இதுதான் இந்த ஏற்பாட்டோட பலம்.”

“என்ன சார் நேத்து?” என்றார் டீக்காரர். “நாலு மாசமா இதுமேலதான் அடுப்பு வெச்சிருக்கேன். உங்க போர்டை மறைக்குதுன்னு உங்க ஆளுங்கதானே வெட்டினாங்க? போர்டைத் திறந்த அன்னிக்கு நீங்க எல்லாரும் இங்கயே நின்னு கை தட்டினீங்களே.”

டீக்காரர் பதிவேட்டம்மாவைப் பார்த்தார். அவர் குரலில் கேலி இல்லை, இருந்திருந்தால் தேவலை.

“நீங்களாவது சொல்லுங்கம்மா. தினம் காலையில என்கிட்டதானே நின்னு டீ குடிக்கறீங்க?”

முகப்புப் பலகையின் திறப்பு விழா அவளுக்கு நினைவு வந்தது. அன்று வெயில் உச்சியைப் பிளந்தது. இந்த இடத்தில் நிழல் இருக்குமே, இன்றைக்கு ஏன் இப்படிக் காய்கிறது என்று யோசித்தபடி தட்டச்சரின் குடைக்குள் ஒதுங்கி நின்று, அவளும் கை தட்டினாள். பிறகு மாடியேறிப் போய் எழுதினாள், மரம் நேற்றுப் போலவே என்று.

முந்தின நாள் மூன்று மணிக்கும் மறுநாள் பத்து மணிக்கும் இடையே மரம் திருடு போனதாகப் புகார் எழுதப்பட்டது. பதிவேட்டுடன் ஒத்துப்போகாததால் டீக்காரரின் கூற்று சேர்க்கப்படவில்லை. ஜன்னலைத் திறப்பது பற்றி அவள் மெல்லக் கேட்டபோது, இனிமேல் திறந்து என்னம்மா பார்க்கப் போறீங்க என்றார் தலைமை அலுவலர். அவர் கேட்டதில் இருந்த நியாயத்தை அவளால் மறுக்க முடியவில்லை.

பிற்பகல் முழுக்கப் பலகையில் செங்கல் சுவர் நின்றது. யாருக்கும் வேலை ஓடவில்லை. இரண்டரை மணிக்குத் தட்டச்சர் வந்து, அக்கா, அந்த மரத்தையே போட்டுடுங்களேன், மூச்சு முட்டுது என்றார். பரிசோதகரும் வந்து நின்றார். பிறகு தலைமை அலுவலரும், கேட்காமல் கேட்பது போல, வந்து நின்றார். மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது.

“என்ன போடட்டும் அக்கா?”

அவள் சுவரைப் பார்த்தாள். வீட்டிலும் இதே சுவர்தான். ராத்திரி போய் அதையும் பார்த்தாக வேண்டும். அவள் படிவத்தை இழுத்து, ‘அடிமரம்’ என்று எழுத எடுத்த பேனாவைச் சற்றுநேரம் காகிதத்துக்கு மேலேயே பிடித்திருந்தாள். மூன்று பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

மரம்: நேற்றுப் போலவே என்று எழுதினாள். பிறகு, யாரும் கேட்காமலே, பறவை என்ற இடத்தில் எழுதினாள்: காகம் ஒன்று. கோபமாக இல்லை.