மீனத்துக்குப் பச்சைத் தண்ணீர் கூட ஆகாது

கூச்சப்படுகிறவன் பேசவே மாட்டான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவனும் பேசுவான், ஆனால் எதிரே ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் பேசுவான். நான் ஒரு டீக்கடைப் போர்டில் பேசினேன். அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

தொண்ணூறுகளில், கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற வழியில் எங்கள் ஊருக்கு ரோடு பிரிகிற விலக்கில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். (வாத்தியார் மெச்சிய ஒரே விஷயம் அதுதான். மற்றதற்கெல்லாம் பிரம்பு.) பக்கத்து டீக்கடை அண்ணாச்சி இதைக் கண்டுபிடித்து, பேப்பரில் வரும் ராசிபலனைத் தினமும் கரும்பலகையில் எழுதிப் போடும் வேலையை என்னிடம் விட்டார். யாரோடும் பேச வேண்டாம், ஒரு டீயும் கிடைக்கும். எனக்குத் தோதான வேலை.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அண்ணாச்சி தினமும் முதல் வடையைப் பிள்ளையார் படத்துக்கு வைப்பார். பழைய பேப்பரில் வைப்பது சாமிக்கு ஆகாது என்று, அன்றைக்கு வந்த பேப்பரிலிருந்துதான் ஒரு மூலையைக் கிழிப்பார். கடைசிப் பக்கத்துக் கீழ் மூலை. கடைசி ராசியான மீனம் அங்கேதான் இருக்கும். ஆக, பதினோரு ராசி எனக்கு, மீனம் பிள்ளையாருக்கு. வேறு மூலையைக் கிழிக்கச் சொல்லலாம்தான். சொல்ல வாய் வேண்டுமே.

போர்டில் மீனத்துக்கு நேரே வெறுமையாகக் கிடப்பது பார்க்க நன்றாக இல்லை. ஒருநாள் நானாகவே எழுதினேன்: ‘மீனம்: வாகனத்தில் காற்று சரிபார்க்கவும்.’ அன்று காற்றடிக்க வந்தவர்களில் ஒருவர், “நமக்கு மீனம்லா” என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. பிறந்ததிலிருந்து என் பேச்சைக் கேட்டு நடந்த முதல் மனிதர் அவர்.

அப்புறம் விடுவேனா? பஞ்சர் ஒட்டும்போதெல்லாம் மீனத்துக்கு நாளைக்கு என்ன சொல்லலாம் என்பதே யோசனை. எனக்குப் பல்வலி என்றால் மீனத்துக்கு இனிப்பு ஆகாது. அம்மா என்னைத் திட்டினால் மீனம் தாயாரை அனுசரித்துப் போக வேண்டும்.

அந்த நாட்களில்தான் அம்மா எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால், சம்பந்தம் பிடித்திருந்தால்தான் சாப்பிடுவார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பேர். பிடிக்காவிட்டால் வாயால் சொல்ல மாட்டார்கள். ஏதாவது சாக்குச் சொல்லி, கை நனைக்காமல் எழுந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கூட்டத்துக்கு அன்று விரதம். இரண்டாவது கூட்டத்தில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் பல்வலி. மூன்றாவது இடம் வந்தபோது அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். “ஏலே, இதுவும் போச்சுன்னா நீ அந்தச் சைக்கிளைத்தான் கட்டிக்கிடணும்.”

அந்தப் பெண்ணை நான் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் பார்த்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். ஆனாலும், இனி வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று மனசுக்குள் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அவர்கள் வருகிற நாள் ஐப்பசி மழைக்காலத்தில் வந்தது. விடிந்ததிலிருந்து பயத்தில் எனக்கு வயிறு கலக்கியது. அன்றைக்காவது கடைப்பக்கம் போகாமல் இருந்திருக்கலாம். மீனராசிக்காரர்கள் காத்திருப்பார்களே என்று போனேன். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்: ‘மீனம்: வயிறு கெடும். வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர் கூட ஆகாது. யார் வற்புறுத்தினாலும் மறுக்கவும்.’ (நன்றாக வந்திருக்கிறதே என்று இரண்டடி தள்ளி நின்று ரசிக்கவும் செய்தேன்.)

மத்தியானம் பெண்ணின் அப்பா இரண்டு பெரியவர்களோடு வந்தார். அம்மாவிடம் மழையைப் பற்றியும் உளுந்தைப் பற்றியும் நன்றாகத்தான் பேசினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் தரையைப் பார்த்துச் சிரித்தேன். எல்லாம் கூடிவருகிற மாதிரிதான் இருந்தது. இலை போட்டதும் அவர் எழுந்து கும்பிட்டார்.

“தப்பா நெனைக்காதிய மதினி. இன்னைக்கு வெளிய எனக்குப் பச்சைத் தண்ணி கூட ஆகாது.”

ஒரு வாய் பாயசமாவது என்று அம்மா வற்புறுத்தினாள். அவர் முகத்தில் ஒரு மிரட்சி வந்தது. வற்புறுத்துவார்கள் என்றும்தான் போர்டில் போட்டிருந்ததே! பெரியவர்களும் அவரைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று மூவரும் கிளம்ப, அம்மா அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குக் காதுக்குள் அந்தப் ‘பச்சைத் தண்ணி’யே நின்றது. அது நான் எழுதியதல்லவா! அவர்கள் பஸ் இறங்குவது எங்கள் விலக்கில், அந்தப் போர்டுக்கு எதிரே. அவருக்கும் மீனம்தான் போலிருக்கிறது.

பின்னாலேயே ஓடி உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீங்களாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பீர்கள். எனக்கு வந்த யோசனை வேறு. அவர்கள் ரோட்டைச் சுற்றி விலக்குக்கு வந்து சேர்வதற்குள், குறுக்கே போய் போர்டை மாற்றி எழுதிவிட வேண்டும். சைக்கிளை எடுத்துக் கரிசல் காட்டுப் பாதையில் விட்டேன். மழை பெய்த கரிசலில் சைக்கிள் போகாது என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சைக்கிள் கடைக்காரனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச தூரத்திலேயே மண் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் நின்றுவிட்டது. அதுவரை சைக்கிள்மேல் நான் போனேன். அதற்கப்புறம் என்மேல் சைக்கிள் வந்தது. (போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். நம் பிழைப்பைக் காட்டில் விட மனசு வரவில்லை.)

கடைக்கு வந்ததும் மூச்சுக்கூட விடாமல் போர்டைத் துடைத்து எழுதினேன்: ‘மீனம்: பிற்பகலில் வயிறு சரியாகும். போன வீட்டுக்கே திரும்பிப் போய்ச் சாப்பிட்டால்...’ முதுகுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள்.

புது வேட்டியில் முழங்கால்வரை கரிசல், கையில் சாக்பீஸ். அப்படியே திரும்பினேன். பெண்ணின் அப்பா நின்றிருந்தார்.

“தம்பி, இது உங்க எழுத்தா?”

தலையை ஆட்டினேன்.

“அப்போ போன மாசம் பூரா, நான் இந்த வழியா பஸ்ஸுல போறப்பல்லாம் கிழக்கே போக வேண்டாம்னு கெடந்துச்சே?”

“நான்தான்.”

“ஏன்?”

“கிழக்கு ரோட்டுல ஜல்லி கொட்டியிருந்தாவ. பஞ்சராகும்.”

அவர் கிழக்கே கையை நீட்டினார். “எந் தங்கச்சி வீடு கிழக்கதான் இருக்கு. அவ மகளுக்குச் சடங்கு வச்சா, நான் போவல. இன்னைவரைக்கும் எங்கிட்டப் பேச மாட்டேங்கா.”

அந்தக் கரிசல் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்திருந்தால் அப்படியே உள்ளே போயிருப்பேன்.

பேப்பரில் போட்ட நிஜமான மீனம் எங்கே என்று கேட்டார். அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டே பிள்ளையார் முன்னாலிருந்த வடையைப் பேப்பரோடு எடுத்து நீட்டினார். பெண்ணின் அப்பா வடையைக் கையில் எடுத்துக்கொண்டு, எண்ணெயில் ஊறியிருந்த பேப்பரை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“வீண்... அலைச்சல்.”

அவர் என் காலைப் பார்த்தார். காட்டுப் பாதையைப் பார்த்தார். சேறு தெறித்திருந்த தன் வேட்டியைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். இந்த ஆளால் போட்ட இலையை விட்டுப் பட்டினியாக வந்தேன் என்று சொல்லிக்கொண்டே வடையைக் கடித்தார்.

“கை நனைச்சிட்டாவ, எல்லாரும் பாத்துக்கிடுங்க,” என்றார் அண்ணாச்சி. “எண்ணெயில நனைச்சாலும் நனைச்சதுதான்.”

கூட வந்த பெரியவர் ஒருவருக்கு இது சரியாகப் படவில்லை. இந்த ஆளுக்கா பெண் கொடுக்கப் போகிறாய் என்று முணுமுணுத்தார்.

“ஒரு வார்த்தை பேசப் பயந்துக்கிட்டு, காட்டுவழியா சைக்கிளைத் தூக்கிட்டு ஓடியாந்திருக்காரு. இவரா வீட்டுல சத்தம் போடப் போறாரு? எம்மவ நிம்மதியா இருப்பா,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “வாங்க மாப்ளே, வீட்டுக்குப் போவோம். மதினி வச்ச பாயசம் ஆறிரும்.”

‘தம்பி’ என்றவர் ‘மாப்ளே’ என்ற பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. காலையிலிருந்து கலக்கிய வயிறு அந்த இடத்திலேயே சரியாகிவிட்டது. (மீனத்தின் பிற்பகல் பலன் பலித்தது எனக்குத்தான்.)

மறுநாளிலிருந்து அண்ணாச்சி சினிமா விளம்பர மூலையைக் கிழித்தார். பழைய மீனம் மாதிரி இல்லையே என்று சிலர் குறைப்பட்டது காதில் விழுந்தது. நான் குனிந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு இப்போது வயசாகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் செம்பைத் தொட மாட்டார். “ஏட்டி, ஒம் மாப்பிள்ளைட்டக் கேளு. இன்னைக்கு மீனத்துக்குப் பச்சைத் தண்ணி ஆகுமா?” என்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே செம்பை அவர் பக்கம் நகர்த்துவேன்.

என் பெண்டாட்டி சோறு வைத்துக்கொண்டே சொல்வாள்: “அவியளை ஏம்ப்பா கேக்குதீங்க? வேணும்னா ஒரு சாக்பீஸைக் குடுங்க.”