மாமியின் ரிவியும் என் வீரப் பேச்சும்

எனக்குக் கைதட்டல் என்றால் பலவீனம். ஒருவர் தட்டினால் போதும், மூளை வாயிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடும். இந்த வியாதியால் எனக்கு மட்டும் நட்டம் வந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். நட்டம் வந்தது பவளம் மாமிக்கு.

ஒன்பது வருடத்துக்கு முந்திய கதை. வணிகத்தில் பட்டம் எடுத்துவிட்டு, புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் நாலு வருடமாகச் சும்மா இருந்தேன். முழுச் சும்மா என்றும் சொல்ல முடியாது. செவ்வாயும் வியாழனும் எனக்கு வேலை இருந்தது. பட்டதாரிகளுக்கு அரசாங்கம் வேலை தர வேண்டும் என்று பக்கத்து ரவுணில் கொட்டில் போட்டு ஒரு போராட்டம் நடந்தது. அதில் போய்ப் பாயில் இருக்க வேண்டும். பதாகை பிடிக்க வேண்டும், மத்தியானம் சோற்றுப் பார்சல் சாப்பிட வேண்டும். இடையில் ஒரு உரக்கடைக்காரர் கணக்கெழுத ஆள் கேட்டார். பட்டம் எடுத்தவள் உர மூட்டைக்குப் பக்கத்தில் இருப்பதா என்று மூக்கைச் சுழித்தேன். அரச நியமனம் வரும்வரை வேறு எதையும் தொடுவதில்லை என்று விரதம். (அந்த விரதத்துக்கு மூன்று நேரமும் சாப்பாடு போட்டது அம்மா.)

அப்போதுதான் எங்கள் சனசமூக நிலையத்து ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். தலைப்பு, "அரசாங்க உதவி மக்களை உயர்த்துகிறதா, சோம்பேறிகளாக்குகிறதா?" எனக்குச் சோம்பேறி அணி கிடைத்தது. பொருத்தம் பார்த்துத்தான் போட்டார்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தேகமும் வரவில்லை. மூன்று நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். கட்டுவதற்கு நல்ல சேலை இல்லை. பவளம் மாமி தன்னுடைய நீலச் சேலையைத் தந்தார்.

பவளம் மாமி என் அம்மாவின் தம்பி மனைவி. பக்கத்து வளவில் இருக்கிறார். மாமா கடைசிச் சண்டையோடு இல்லை. அதே சண்டையில் மாமியின் வலது முழங்காலில் துப்பாக்கிச் சன்னம் பட்டு, அந்தக் கால் மடங்காது. விடிய முதல் எழும்பி இருநூறு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். அதோடு மாதாமாதம் அரசாங்க நிவாரணம் கொஞ்சம் வரும். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த வீடு ஓடியது.

விழா பின்னேரம் நாலு மணிக்கு. எனக்கு முன் பேசிய எதிரணிக்காரர் ஒரு பகிடி விட்டார், கொட்டகையே குலுங்கியது. அடுத்தது நான். "உற்பத்தித்திறன்" என்றேன். "தங்கிவாழும் மனநிலை" என்றேன். "வரி கட்டும் குடிமகனின் வியர்வை" என்றேன். சனம் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் பிரதம விருந்தினராக வந்த எங்கள் பகுதி நிவாரண உத்தியோகத்தர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். மூன்று நாள் பழகியது கச்சான் கோதோடு போகப்போகிறதே என்ற பதற்றத்தில் வாய் தன்பாட்டில் திறந்தது.

"எங்கட ஊரிலை ஒரு அம்மாவுக்குத் தையல் மிசின் குடுத்தவை. இண்டைக்கு அந்த மிசினுக்கு மேலை என்ன இருக்கு எண்டு தெரியுமோ? ரிவி இருக்கு. தைச்சு முன்னேறச் சொல்லிக் குடுத்தால், அவா ரிவி பாத்து முன்னேறுறா."

கொட்டகை சிரிப்பில் இரண்டாகப் பிளந்தது. நானும் விடவில்லை. "மிசின் குடுத்தாச்சு, இனி மிசினைத் துடைக்கிறதுக்கும் ஒரு கொடுப்பனவு கேப்பினம்" என்றேன். சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று கையை உயர்த்தி முழங்கினேன். (கால் மடங்காத மனுசியை வைத்துக்கொண்டு இதையும் சொன்னேன், பாருங்கள்.)

தையல் மிசினில் ரிவி வைத்த வீடு ஊரில் ஒன்றுதான். நான் பேர் சொல்லவில்லை, தலைகள் திரும்பிப் பேர் சொல்லின. இரண்டாவது வரிசையில் மாமி இருந்தார். மருமகளின் பேச்சைக் கேட்க முதல் ஆளாக வந்து கதிரை பிடித்தவர். எல்லோரும் சிரிக்க அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சேலையைக் கட்டிக்கொண்டு மேடையில் நான்.

மிசின் காலால் மிதிக்கிற மிசின். அதைத் தந்தவர்கள் மாமியின் காலைப் பார்க்கவில்லை. இது எனக்குத் தெரியும். ரிவி எங்கள் வீட்டுப் பழைய தொலைக்காட்சிப் பெட்டி. நாங்கள் புதிது வாங்கியபோது, எறிய மனம் வராமல் நானே தூக்கிக்கொண்டு போய் அந்த மிசினுக்கு மேல் வைத்தேன். அதில் படம் வராது, சத்தம் மட்டும் வரும். மாமி இடியப்பம் பிழிந்துகொண்டு அதில் செய்தி கேட்பார். இதெல்லாம் மறந்துபோய்ப் பேசினேன் என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது. சொன்னால் சிரிப்பு வராது என்று விட்டுவிட்டேன். என் வெட்கம் எல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

எங்கள் அணி வென்றது. வீட்டுக்கு அம்மாவோடு நடந்து வந்தேன். படலையைத் திறக்கும்போது சொன்னார். "உன்ரை வாயாலை என்ரை தம்பி பெண்டிலைச் சந்தியிலை நிறுத்திப்போட்டாய்."

அடுத்த நாள் சேலையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மடித்த சேலையை மாமியிடம் நீட்டிக்கொண்டு, மன்னிப்பை எந்தப் பக்கத்தால் தொடங்குவது என்று யோசித்தேன். மாமி அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். தட்டில் இடியப்பமும் சம்பலும் போட்டுத் தந்தார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது, வேறு கதை மாதிரிச் சொன்னார்.

"வாற வியாழக்கிழமை கந்தோருக்கு நான் போகேல்லை பிள்ளை."

அந்த மாதம் நிவாரணப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். வியாழன் நிவாரண அலுவலகத்தில் எங்கள் ஊருக்கு விசாரணை. போகாதவர்களின் பேர் வெட்டுப்படும்.

"ஏன் மாமி? வெட்டிப்போடுவினமே."

"வெட்டட்டும். வரிசையிலை நிண்டால், உந்தா ரிவிக்காரி எண்டுவினம். வெக்கமாக் கிடக்கு."

கெஞ்சினேன். காலில் விழுவதாகச் சொன்னேன். மாமி அசையவில்லை. அம்மா வந்து கெஞ்சியும் நடக்கவில்லை. வியாழக்கிழமை நான் போராட்டக் கொட்டிலுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மாமிக்குப் பதிலாகக் கந்தோர் வரிசையில் போய் நின்றேன். முன்னும் பின்னும் எங்கள் ஊர்ச்சனம். கச்சான் உடைத்த அதே ஆட்கள்.

"என்ன பிள்ளை, நீங்களும் வரிசையிலையோ?" என்றார் முன்னால் நின்ற கிழவர். கேலியாகக் கேட்டமாதிரித் தெரியவில்லை. அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு மேசைக்கு முன்னால் வந்தேன். அன்றைக்குக் கொட்டாவி விட்ட உத்தியோகத்தர் என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"பட்டிமன்றப் பிள்ளையெல்லோ? நல்ல பேச்சு."

"சேர், பவளம் மாமியின்ரை விசயமா வந்தனான். அவாவாலை வரேலாது."

அவர் மாமியின் பேர் போட்ட கோவையைப் புரட்டினார். "இதிலை ரிவி இல்லை எண்டு இருக்கு. ஆனால் ரிவி இருக்கு. நீங்கள்தானே சொன்னியள். நான் குறிச்சு வைச்சிருக்கிறன்."

"அதிலை படம் வராது சேர்."

"அதை நீங்கள் சொல்லேல்லை."

"மிசின் மிதிக்க அவாவுக்குக் கால் ஏலாது சேர்."

"அதையும் நீங்கள் சொல்லேல்லை."

அவர் கெட்ட மனுசன் இல்லை. ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, சொன்னதெல்லாம் மிகைப்படுத்தியது என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொன்னார், மேன்முறையீட்டோடு சேர்த்துவிடலாம் என்றார். எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய உண்மையான கட்டுரை அது ஒன்றுதான். கடைசியில் என் பேர், முகவரி.

"தொழிலையும் போடுங்கோ" என்றார்.

"பட்டதாரி" என்றேன்.

"அது தொழில் இல்லைப் பிள்ளை."

"அரச நியமனம் எதிர்பாத்துக்கொண்டு இருக்கிறன், சேர்."

முன்னால் நின்ற கிழவர் இன்னும் போகவில்லை. "அப்ப நீங்களும் எங்களை மாதிரித்தான்" என்று ஆறுதலாகச் சொன்னார். இருநூறு பேர் சேர்ந்து கூப்பாடு போட்டிருந்தாலும் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

மாமியின் பேர் அந்த முறை வெட்டுப்பட்டது. மேன்முறையீடு முடிந்து திரும்ப ஏற ஏழு மாதம் எடுத்தது. அந்த ஏழு மாதமும் மாமி இருநூறு இடியப்பத்தை முந்நூறாக்கினார். நானும் பிராயச்சித்தமாக விடிய எழும்பிப் பிழியப் போனேன். முதல் நாள் நான் பிழிந்ததைப் பார்த்துவிட்டு, "இது மாட்டுக்கோ?" என்று கேட்டுக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். பிறகு எனக்குத் தட்டுக் கழுவுகிற பதவி கிடைத்தது. (அதற்கும் பட்டம் கேட்கவில்லை.)

ஒரு விடியப்புறம் மாமி மாவைக் குழைத்துக்கொண்டே கேட்டார். "வரி, வரி எண்டு அண்டைக்குக் கத்தினாயே. வரி எண்டால் என்ன பிள்ளை?"

"காசு உழைக்கிறவை அரசாங்கத்துக்குக் கட்டுறது, மாமி."

"அப்ப நான் போனுக்கு நூறு ரூபாய்க்கு ரீலோட் போட ஏன் குறைஞ்சு வருது?"

"அது... வரிதான்."

"சவுக்காரத்துக்கு?"

"அதிலையும் இருக்கு."

"அப்ப நானும் கட்டுறன். நீ?"

என் போனுக்கு ரீலோட் போடுவதும் அம்மாதான். குனிந்து தட்டுக் கழுவினேன்.

மாமியே தொடர்ந்தார். "உன்ரை பேச்சிலை பாதி சரி. லொறி வைச்சிருக்கிறவனும் நிவாரணம் எடுக்கிறான். சும்மா வருது எண்டு வயலை விட்டவனும் இருக்கிறான். அவங்களைச் சொல்லியிருக்கலாம். அவங்களைச் சொல்ல உனக்குப் பயம். என்னைச் சொல்லப் பயமில்லை." மாவை இடியப்ப உரலுக்குள் திணித்தார். "மிசின் தந்தவையள் என்ன வேணும் எண்டு கேட்டிருந்தால், நான் பெரிய இடியப்பத் தட்டுக் கேட்டிருப்பன். ஒருத்தரும் கேக்கேல்லை. நீயும்தான் கேக்கேல்லை."

அந்தப் பட்டிமன்றத்தைப் பற்றி மாமி என்னிடம் கதைத்தது அன்றைக்கு மட்டும்தான். கண்ணீர் வந்தது. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாமியின் நிவாரணம் திரும்ப வந்து சில மாதத்தில் எனக்கு நியமனம் வந்தது. அபிவிருத்தி உத்தியோகத்தர். முதற் சம்பளம் வங்கியில் விழுந்த அன்று மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். "பிள்ளைக்கு நிவாரணம் விழுந்திட்டுதோ?" அம்மா குசினியில் இருந்து சிரித்த சிரிப்பில் கறி அடிப்பிடித்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் சம்பளத்துக்குப் பேர் நிவாரணம். கலியாணம் கட்டியபோது அந்தப் பேரையும் சேர்த்துத்தான் கட்டிக் கொடுத்தார்கள். என் மனுசன் மாதக் கடைசியில் மிகவும் மரியாதையாகக் கேட்பார், "நிவாரணம் எடுக்கப் போகேல்லையோ?"

இந்த வருடம் மகள் முதலாம் வகுப்புக்குப் போனாள். போன கிழமை வகுப்பு ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சின்ன வயது, புதிதாக வந்தவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, சப்பாத்து வவுச்சருக்கு மகளின்ரை பேரையும் போட்டிருக்கிறன்" என்றார்.

"ஏன் ரீச்சர்? அது கஷ்டப்பட்ட பிள்ளையளுக்கெல்லோ?"

அவர் தயங்கினார். "அம்மா என்ன வேலை எண்டு கேட்டனான். 'அம்மா நிவாரணம் எடுக்கிறவா' எண்டு சொன்னவள்."

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. ரீச்சர் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். பக்கத்தில் ஆட்கள் இல்லை என்று பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்தார்.

"இதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை அக்கா. கஷ்டம் ஆருக்கும் வரும். ஆரும் உங்களைக் குறைவா நினைக்க மாட்டினம்."

எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, மகளின் பேரை வெட்டுவித்து வர அரை மணித்தியாலம் எடுத்தது. ரீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் நடந்ததைச் சொன்னேன். அம்மாவும் என் மனுசனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமியும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ரீச்சர் என்ன சொன்னார் என்று இன்னொருக்கால் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நல்ல பிள்ளை" என்றார் மாமி. "அண்டைக்கு அவவை மேடையிலை ஏத்தியிருக்கலாம்."