ஏரிக்குள் ஒரு குறுக்குவழி

வழி தெரிந்தவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்துவருகிறது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நம்மைப் போலவே இருப்பார்கள், ரேஷன் கடையில் நமக்குப் பின்னாலேயே நிற்பார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து ரசத்துக்குக் காத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் காதில் விழும்படி, "இந்த ஊருக்கு எப்படிங்க போகணும்?" என்று யாராவது கேட்டுவிட வேண்டும். வலது கை தானாக எழும். மூளைக்குச் சேதி போவதற்குள் சுட்டுவிரல் ஒரு திசையைத் தேர்ந்தெடுத்துவிடும்.

"நேரா போங்க. ஒரு வேப்பமரம் வரும். அங்க சோத்தாங்கை பக்கம் திரும்புனா பக்கத்துலதான். யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வேப்பமரம் இல்லாத சாலை எது? யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றால் இவரை எதற்குக் கேட்டோம்? அதையெல்லாம் கேட்கக் கூடாது. தாகம் என்று வாசலில் வந்து நிற்பவரிடம் தண்ணீர் இல்லை என்போமா? வழி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதும் எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தெரிந்ததைக் கொடுப்போம். தெரிந்தது ஒன்றுமில்லை என்றால் தெரியாததைக் கொடுப்போம்.

இந்த இனத்தில் சத்தம்போடாத கிளை ஒன்று உண்டு. அதிகம் பயப்பட வேண்டியது அதற்குத்தான். சசிகலா அந்தக் கிளையைச் சேர்ந்தவள். அரியலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினாள். பாதிப் படிப்பைத் தமிழிலும் மீதியை ஆங்கிலத்திலும் படித்தவள். 'எனக்குத் தெரியாது' என்பதை இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் எழுதுவாள். சொல்லத்தான் வராது. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்க மாட்டாள், கூப்பிட்டால் சிரிப்பாள், காப்பி வேண்டுமா என்றால் தலையாட்டுவாள், அது வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா என்று கொடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். பாதை என்ற பேச்சு வந்தால் மட்டும் அந்தக் கை எழும். பேசாத பெண் பேசினால் ஊர் நம்பிவிடுகிறது. வினையே அங்கேதான்.

அது 2005ஆம் வருஷம். கியர் வைத்த சைக்கிள் மோகம் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்திருந்தது. சென்டர் முதலாளி அன்பழகன் திருச்சிக்குப் போய் ஒன்று வாங்கிவந்தார். ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை வேலையில் இருந்த அவருடைய சினேகிதன் பிரேம்குமார் ஒன்று வாங்கினான். சசிகலாவும் வாங்கினாள். கட்டை கட்டையாகப் பல் வைத்த தடித்த டயர், பின்சக்கரத்தில் அடுக்கடுக்காகப் பல்சக்கரம். விளம்பரப் படத்தில் அதை ஓட்டியவன் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவிக்கொண்டிருந்தான். அரியலூரில் தாவுவதற்குப் பாறை ஏது? வேகத்தடைதான் உண்டு.

"ஏம்மா, இது டிராக்டர் டயரா?" என்று பஞ்சர் கடைக்காரர் கேட்டார்.

"மலைக்குப் போற சைக்கிளுங்க."

"மலை எங்க இருக்கு?"

மேற்கே கையைக் காட்டினாள். அது ஒன்றைத்தான் சரியாகக் காட்டினாள். மழை விட்ட நாளில் பெரம்பலூர்ச் சாலையில் வெகுதூரம் போய் நின்றால், பச்சைமலை நீலமாகத் தெரியும்.

அந்தப் பச்சைமலைக்குப் பொங்கல் விடுமுறையில் சைக்கிளிலேயே போவதென்று மூவரும் முடிவுசெய்தார்கள். ஏரி, காடு, மலை மூன்றையும் கோத்து ஒரு வழி போட வேண்டும். யார் போடுவது என்பதில்தான் வம்பு.

"சசிகலா, நீங்க எங்க அக்காவோட வேன்ல வந்துருங்க," என்றார் அன்பழகன். "செங்குத்தான ஏத்தம். புளிசோறு, தண்ணியெல்லாம் பாத்துக்க ஆளு வேணுமில்ல?"

மலைக்கென்று சைக்கிள் வாங்கியவள், புளிசோற்றுக்குக் காவலாக வேனில் போவதா? சசிகலா சுடச்சுட நாலு கேள்வி கேட்க நினைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். ஆனால் அன்பழகன் அடுத்த மூச்சில் ஒரு தப்புச் செய்தார். "அதுக்கு முன்னாடி ஒரு பழக்கத்துக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை புளியங்காட்டு ஏரி வரைக்கும் போயிட்டு வருவோம். எப்படிப் போறது?" என்று பொதுவாகக் கேட்டுவைத்தார்.

கை எழுந்தது.

"எனக்குக் குறுக்குவழி தெரியும் சார்."

குறுக்குவழி! இந்த இனம் முற்றிய நிலை அது. வழி தெரிந்தவரையாவது திருத்திவிடலாம். குறுக்குவழி தெரிந்தவரை ஒன்றும் செய்ய முடியாது.

"தைல மரக் காட்டுக்குள்ள பூந்தா, நேரா ஏரிக்கு அந்தாண்ட கரையில போய் ஏறலாம் சார். லாரி தொல்லையே கிடையாது."

அன்பழகன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, கூட்டிட்டுப் போங்க. ஒழுங்காப் போய்ச் சேந்துட்டா பச்சைமலைக்கும் நீங்களே வழி போடுங்க. இல்லாட்டி வேன். சம்மதமா?"

"சம்மதம் சார்."

அவளுக்கு அந்த வழி எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? முந்தைய வருஷக் கோடையில் சித்தப்பாவின் டி.வி.எஸ். பிஃப்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஒரு பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு நிச்சயதார்த்தத்துக்கு அப்படிப் போயிருக்கிறாள். போகும்போது பார்த்தது பலாப்பழத்தையும் சித்தப்பா முதுகையும். திரும்பும்போது தூங்கிவிட்டாள். போதாதா?

இன்னொரு விஷயமும் உண்டு. மழை பொய்த்து ஏரி காய்ந்துகிடந்த காலம் அது. காய்ந்த ஏரியைச் சுற்றிக்கொண்டு போக எங்கள் ஆட்களுக்கு என்ன கிறுக்கா? உள்ளே இறங்கி நடந்து, நடந்த தடத்தில் மாட்டுவண்டி போய், வண்டித் தடத்தில் டி.வி.எஸ். போய், அதன் பின்னாலேயே ஷேர் ஆட்டோவும் போய், ஏரியின் நட்டநடுவில் அருமையான சாலை ஒன்று விழுந்திருந்தது. சசிகலாவின் குறுக்குவழி அதுதான். பிறகு, 2005 ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முழுக்கக் கொட்டித் தீர்த்தது. அவளுக்குத் தெரியாததல்ல; முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சென்டருக்குப் போனாள். ஆனால் மனத்துக்குள் போட்டுவைத்த வழியில் மழை பெய்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்பழகனின் அக்கா வீரம்மாள் சோற்றுத் தூக்கோடு தார் ரோடு வழியாக ஸ்கூட்டியில் அக்கரைக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. சைக்கிள்காரர்கள் காட்டுக்குள் புகுந்தார்கள். சசிகலா முன்னால். ஈரச் செம்மண், தைல இலை வாசனை, தலைக்கு மேல் சொட்டுகிற மரங்கள். பின்னால் முதலாளியே தன் தடத்தில் வருகிறார் என்ற நினைப்பில் அவளுக்கு ஏற்றமெல்லாம் இறக்கமாகத் தெரிந்தது. பச்சைமலை உச்சியில் நின்று தண்ணீர் குடிப்பதாகக்கூட ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

காடு முடிந்தது. பாதை இறங்கியது. இறங்கிய பாதை தண்ணீருக்குள் போனது.

இடமும் வலமும் கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி. நடுவில் நீந்துகிற நாமக்கோழிகள். அக்கரையில் மஞ்சள் புடவையோடு வீரம்மாள் தூக்கை உயர்த்திப் பிடித்து, வா வா என்று ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இதுதானாங்க குறுக்குவழி?" என்றான் பிரேம்குமார்.

"போன தடவை இல்ல," என்றாள் சசிகலா.

"எது இல்ல?"

"ஏரி."

அன்பழகன் சைக்கிளிலிருந்து மெல்ல இறங்கினார். "வேன்ல ஃபேனெல்லாம் கிடையாது. ஜன்னலோரமா உக்காந்துக்குங்க, காத்து வரும்."

அவர் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையில் ஒரு புத்திசாலி இருந்திருப்பார். அவர் கையும் எழுந்தது. "வடக்கால போனா தண்ணி வழியுற கலிங்கு வரும். அதத் தாண்டுனா கரைதான்." "இல்லண்ணே, தெக்காலதான்," என்று பிரேம்குமார் எதிர்த்திசையில் கை நீட்டினான். அக்கரையிலிருந்து வீரம்மாள் தூக்காலேயே மூன்றாவது திசை ஒன்றைக் காட்டினார். ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மருதாயி என்ற அம்மாளிடம் கேட்டார்கள்.

"நேரா போங்க தம்பி. ஒரு வேப்பமரம் வரும்."

"நீங்க இந்த ஊருங்களா?"

"நான் ஆண்டிமடம் பக்கம். மவ வூட்டுக்கு வந்து ரெண்டு நாளாவுது. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, போங்க."

போனார்கள். வேப்பமரம் வந்தது. இன்னொன்றும் வந்தது. கருவேல முள்ளில் அன்பழகனின் சட்டை கிழிந்தது. களிமண்ணில் சக்கரம் சிக்கிக்கொள்ள, மலை ஏறுவதற்கென்று வாங்கிய சைக்கிள்கள் மனிதர்களின் தோளில் ஏறின. சோற்று வேளை தாண்டி, பேச்சு நின்று, வயிறு மட்டும் பேசிக்கொண்டிருந்த ஒரு கட்டத்தில் ஒருவழியாக அக்கரையில் ஏறினார்கள். அங்கே வீரம்மாள் இல்லை.

இக்கரையில் இருந்தார். தம்பி பசி தாங்க மாட்டானே என்று, இவர்கள் நின்ற இடத்துக்கே ஸ்கூட்டியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அவரும் வழி தெரிந்தவர் இல்லையா? மஞ்சள் புடவை காற்றில் படபடக்க, தண்ணீருக்கு அப்பாலிருந்து தூக்கை ஆட்டினார்.

"டேய் அன்பு! அங்கயே இருடா! இன்னொரு வழி இருக்கு, நான் வரேன்!"

"நீ இரு அக்கா! எனக்கு வேற வழி தெரியும், நாங்க வரோம்!"

வீரம்மாள் ஸ்கூட்டியைத் திருப்பினார். அன்பழகன் சைக்கிளைத் திருப்பினார். பொழுது சாய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. சசிகலா தன் வலது கையைப் பார்த்தாள். அது, நாலாவதாக ஒரு வழியைக் காட்டுவதற்காகப் பாதி எழும்பி நின்றுகொண்டிருந்தது. இந்தக் கை இறங்காவிட்டால் பச்சைமலையும் கிடையாது, புளிசோறும் கிடையாது. இடது கையால் அதைப் பிடித்து அமுக்கினாள். பிறகு, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கே கேட்காத அந்தக் குரலால் கத்தினாள்.

"அக்கா! கெளம்பாதீங்க! இங்க யாருக்கும் வழி தெரியாதுக்கா! எனக்கும் தெரியாது!"

நாமக்கோழிகள் முங்கின. அன்பழகன், தெரிந்தவர்கள் யாராவது கேட்டுவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். எதிர்க்கரையில் ஸ்கூட்டி நின்றது.

"தெரியாதா? இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னாடி?" என்று தண்ணீர்மேல் மிதந்து வந்தது பதில். வீரம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

விரலைப் பார்க்க வேண்டிய அவசியம் போனதும், சசிகலாவின் பார்வை கீழே விழுந்தது. ஈரக் களிமண்ணில் பல் பல்லாக, மூன்று டயர்த் தடங்கள்.

"சார், இது நம்ம தடம். இதப் பாத்துக்கிட்டே வந்த வழியே போயிரலாம்."

"டிராக்டர் டயரு ஒதவுதுங்க," என்றான் பிரேம்குமார்.

தடத்தைப் பிடித்துக்கொண்டே போனார்கள். ஒரே வேப்பமரத்தை இரண்டு தடவை சுற்றியிருந்தது வழியில் தெரிந்தது. மூவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டினார்கள். இருட்டுவதற்குள் வீரம்மாளிடம் போய்ச் சேர்ந்து, சேற்றுக் கையை ஏரியிலேயே கழுவிக்கொண்டு, புளிசோற்றில் பாய்ந்தார்கள்.

"அப்ப வேன்ல..." என்று வாய் நிறைய சோற்றோடு ஆரம்பித்தார் அன்பழகன்.

"டேய், அந்தப் புள்ள வாயத் தொறந்ததாலதான் உன் வாய்க்கு இப்ப சோறு," என்றார் வீரம்மாள். "வேன்ல நீ வா. சட்டை வேற கிழிஞ்சு கெடக்கு."

அன்பழகன் சிரித்துவிட்டார். "சரிங்க சசிகலா. பச்சைமலைக்கு நீங்கதான் வழி போடுறீங்க."

சசிகலாவுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"எந்தப் பக்கமாங்க ஏறுறது?" என்று கேட்டான் பிரேம்குமார். "லாடபுரமா, அரும்பாவூரா?"

இரண்டு ஊரையும் அவள் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கப் பார்த்ததோடு சரி. அதனால் என்ன? சற்று முன்புதான் பழகிய அந்த நல்ல வாக்கியம் நாக்கிலேயே இருந்தது. வாயைத் திறந்தாள். கை எழுந்தது.

"லாடபுரம்தான். அங்கேருந்து ஒரு குறுக்குவழி இருக்கு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர்கள் ஏரிக்கரையில் முழித்துக்கொண்டு நின்றபோது, 'பேசாமல் கலிங்குப் பக்கமாகப் போயிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? அந்த ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

கையை இறக்குங்கள்.